பெருநாள் பாஜு கூரோங்: முதலில் கட்டிங், பிறகு துணி, கடைசியில் நிறம்

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலும், அதை ஒட்டிய ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவிலும் துணிக்கடைகள் களைகட்டத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் கேலாங் சிராயும் அரபு ஸ்திரீட்டும் அப்படித்தான். கடைக்குள் நுழையும் பெண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, இந்த வருடம் என்ன நிறம் ஓடுகிறது என்பதைத்தான். நிறம் முடிவானதும் அந்த நிறத்தில் கிடைக்கிற துணி, துணி முடிவானதும் நேரம் உள்ள தையல்காரர், அவருக்குக் கைவந்த கட்டிங் என்று மற்றவை தாமாக அமைந்துவிடுகின்றன. இந்த அத்தியாயம் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறது. பெருநாளுக்கு பாஜு கூரோங்கோ கெபாயாவோ எடுக்கும்போது முதலில் கட்டிங்கை முடிவு செய்யுங்கள், அடுத்து துணி, நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் மாறுவது நிறமும் மேல் அலங்காரமும்தான். உடை உடம்பில் நன்றாக உட்காருகிறதா, நாள் முழுக்கத் தாங்குகிறதா, ஐந்து வருடம் கழித்தும் எடுத்து உடுத்த மனம் வருகிறதா என்பதையெல்லாம் தீர்மானிப்பவை கட்டிங்கும் துணியும். நிலைக்கிற இடத்துக்கே பணமும் கவனமும் முதலில் போக வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த யோசனைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. இங்கே பெருநாள் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. ஷவ்வால் மாதம் முழுக்க உறவினர் வீடு, அண்டை வீடு, அலுவலகம் என்று திறந்த இல்ல உபசரிப்புகள் தொடரும். இரண்டு மாதம் கழித்து ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடும். அதற்குப் பிறகும் அதே பாஜு கூரோங் திருமண வீட்டுக்கும் வேலைக்கும் போகும். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் புடவையும் சல்வார் கமீஸும் இன்றும் பெருநாள் உடைகளே. ஆனாலும் பாஜு கூரோங் மொழி, மத எல்லைகளைக் கடந்து எல்லார் வீட்டு அலமாரிக்குள்ளும் வந்துவிட்டது. மலேசிய இடைநிலைப்பள்ளி மாணவிகளின் சீருடையில் வெள்ளை பாஜு கூரோங்கும் நீலப்பச்சைப் பாவாடையும் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் பலரும் அதை உடுத்தித்தான் வகுப்புக்குப் போகிறார்கள். ஒரு காலைப் பொழுதுக்கென்று வாங்குகிற உடையாக இதைப் பார்க்கக் கூடாது. பல ஆண்டு உழைக்கப்போகிற உடையாகவே பார்க்க வேண்டும்.

கட்டிங்: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை

பழைய முறைப்படி வெட்டிய பாஜு கூரோங்கை மேசைமேல் விரித்துப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நீளத் துணி. தோளில் மடிந்து இரு பக்கமும் இறங்கும். அதனால் தோளில் தையலே இருக்காது. உடலின் இரு பக்கத்திலும் மேலே குறுகி, கீழே அகன்ற ஒரு துண்டு இணைக்கப்பட்டிருக்கும். இதற்குப் பெசாக் என்று பெயர். கையும் பெசாக்கும் சேரும் அக்குளில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சிறு சதுரத் துண்டு குறுக்காக வைத்துத் தைக்கப்பட்டிருக்கும், அது கெக்கெக். கழுத்து வட்டமாக இருக்கும். முன்னால் ஒரு சிறு திறப்பு, அதை மூட ஒரு பொத்தான் அல்லது ஊசி. அந்தக் கழுத்து விளிம்பைக் கையால் தைக்கும் தையலுக்குத் துலாங் பெலுட் என்று பெயர். விலாங்கின் முள்வரிசை போல நெருங்கி ஓடும் அந்தத் தையல்தான் துணி பிரியாமல் காத்து, கழுத்துக்குக் கனமும் கொடுக்கிறது. பாவாடையின் ஒரு பக்கத்தில் விசிறி மடிப்பாகக் கொசுவம் வைத்திருப்பார்கள். நேர்கோடுகளாலேயே வெட்டும் இந்த முறையில் துணி வீணாவதும் குறைவு.

இந்தத் துண்டுகள் எதுவும் அலங்காரத்துக்காக வந்தவை இல்லை. பெருநாள் அன்று ஒரு பெண் செய்கிற வேலைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால் இது புரியும். காலையில் பெருநாள் தொழுகை. குனிய வேண்டும், சஜ்தா செய்ய வேண்டும். வீடு திரும்பியதும் பெரியவர்கள் முன் மண்டியிட்டுக் கைப்பற்றி மன்னிப்புக் கேட்கும் வழக்கம். பிறகு சமையலறையில் ரெண்டாங் சட்டியை இறக்குவது, மேல் தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுப்பது, கைக்குழந்தையைத் தூக்குவது. மாலை வரை தரையில் பாயிலோ வேறு வீட்டுச் சோபாவிலோ உட்கார்ந்து எழுந்திருப்பது. கெக்கெக் இருந்தால் கையை உயர்த்தும்போது முழு உடையும் மேலே இழுபடாது. பெசாக் இருந்தால் உட்காரும்போது இடுப்பில் துணி இறுகாது. பக்கக் கொசுவம் இருந்தால் படியேறும்போது பாவாடை காலைத் தடுக்காது. உடல் வடிவத்தைக் காட்டாத தளர்வும் இந்தக் கட்டிங்கிலேயே அடங்கிவிடுகிறது. மார்க்கம் கேட்கும் அடக்கமும் உடல் கேட்கும் வசதியும் ஒரே வெட்டில் நிறைவேறுகின்றன. இந்தத் துண்டுகளை எடுத்துவிட்டு இடுப்பைப் பிடித்து, பின்னால் ஜிப் வைத்து, முழங்காலுக்குக் கீழே விரியும் மீன்வால் பாவாடையோடு தைத்தால் படம் அழகாக வரும். தரையில் உட்காருவதுதான் சிரமமாகிவிடும்.

கட்டிங்கிலும் தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கிறது. தெலுக் பெலாங்கா என்பது மேலே சொன்ன வட்டக் கழுத்து வகை. கழுத்துப் பட்டி கிடையாது, கழுத்தணியும் தலைத்துணியும் அதோடு இயல்பாகப் பொருந்தும். செக்காக் மூசாங் வகையில் நிமிர்ந்த சிறு கழுத்துப் பட்டியும் பொத்தான்களும் வரும்; தலைத்துணியைப் பின்னால் கட்டுகிறவர்களுக்கும் கழுத்து மூடியிருக்க விரும்புகிறவர்களுக்கும் ஏற்றது. கெடா வகை கூரோங் குட்டையானது. இடுப்பளவில் நிற்கும், கையும் முழு நீளம் இருக்காது, மெல்லிய பருத்தியில் தைப்பார்கள். விருந்தினருக்குப் பரிமாறி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறவருக்கு இதைவிட நல்ல உடை கிடைக்காது. கை முழுக்க மூட வேண்டும் என்பவர்கள் உள்கையோ நீண்ட கையோ வைத்துத் தைக்கச் சொல்லலாம். பகாங் வகையில் நீண்ட மேலாடை முன்பக்கம் திறந்து பொத்தானிட்டு இறங்கும். உயரமானவர்களுக்கு எடுப்பாக இருக்கும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கும் வசதி. கெபாயாவும் முன்புறம் திறப்பதுதான். மூன்று கெரொங்சாங் ஊசிகளால் மூடுவார்கள். அதில் முழங்கால் வரை வரும் நீளக் கெபாயாவும் உண்டு, இடுப்போடு நிற்கும் பூவேலைக் கெபாயாவும் உண்டு. எதை எடுத்தாலும், அன்று எங்கே நிற்கப்போகிறீர்கள், எவ்வளவு நேரம் தரையில் உட்காருவீர்கள், யாரைத் தூக்குவீர்கள் என்று யோசித்து எடுங்கள்.

வரலாறு என்ன சொல்கிறது

கட்டிங் நிலைக்கும், அலங்காரம் போய்விடும் என்பதற்குக் கடந்த நூற்றைம்பது ஆண்டு மலாய் உடை வரலாறே சாட்சி. தெலுக் பெலாங்கா என்பது இன்றைய சிங்கப்பூரில் உள்ள ஓர் இடம். ஜொகூர் ஆட்சியாளர்கள் முன்பு அங்கிருந்துதான் ஆண்டார்கள். தலைநகரம் ஜொகூர் பாருவுக்கு மாறிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடும், பின்னாளில் சுல்தானான அபு பக்காரோடும் இந்த வட்டக் கழுத்து வகையைச் சேர்த்துப் பேசுவது ஜொகூர் மரபு. அந்தக் கழுத்தை இன்றும் எந்தத் தையல்கடையிலும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம். இடையில் எத்தனையோ நிறங்களும் பூ அச்சுகளும் வந்து போய்விட்டன. வெட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படங்கள் உடையின் போக்கையே திருப்பின. பாடகியும் நடிகையுமான சலோமா உடுத்திய இறுக்கமான கெபாயா அக்காலத்து நாகரிகமானது. 1968இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் பியேர் பால்மேன் விமானப் பணிப்பெண்களுக்காக வடிவமைத்த சாரோங் கெபாயாவை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்றுவரை கைவிடவில்லை. பிறகு 1970களில் இஸ்லாமிய மறுமலர்ச்சி அலை எழுந்தது. 1971இல் தொடங்கிய அபிம் என்ற முஸ்லிம் இளைஞர் இயக்கம் பல்கலைக்கழகங்களில் செல்வாக்குப் பெற்றது. தளர்வான பாஜு கூரோங்கும் தலையை மூடும் துடோங்கும் மாணவிகளிடமிருந்து அலுவலகங்களுக்கும், அங்கிருந்து கிராமங்களுக்கும் பரவின. அந்தத் தலைமுறை புதிதாக ஓர் உடையைத் தேடிப் போகவில்லை. பாட்டிமாரின் பெசாக்கையும் கெக்கெக்கையுமே திரும்ப எடுத்துக்கொண்டது.

2000க்குப் பிறகு வந்த நவீன கூரோங்குகளும் இதே பாடத்தைச் சொல்கின்றன. இடுப்பைப் பிடித்த வெட்டு, இடுப்பிலிருந்து விரியும் பெப்லம், கெபாயாவையும் கூரோங்கையும் கலந்த கெபாரோங், உடல் முழுக்க லேஸ், தோளிலும் கையிலும் பாசிமணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் வந்தபோது இனி இதுதான் என்று தோன்றியது. சில பெருநாள்களுக்குள் அடுத்தது வந்து முந்தையதைப் பழசாக்கிவிட்டது. அந்த அலைகளுக்கு நடுவே கெடா கூரோங்கும் பருத்தியில் தைத்த பெசாக் கூரோங்கும் இளம்பெண்களிடையே மீண்டும் விருப்பமாயின. பழைய கட்டிங் ஒருபோதும் ஒரேயடியாகக் காணாமல் போவதில்லை. பெப்லம் தைத்து ஐந்து வருடம் கழித்து அதைத் திருத்தி வேறாக்குவது கடினம். நேர்வெட்டுக் கூரோங்கை அப்போதும் அப்படியே உடுத்தலாம்.

துணி: வெயிலும் வியர்வையும் வைக்கும் சோதனை

கட்டிங் முடிவானால் துணியின் குணமும் பாதி முடிவாகிவிடும். இந்த இரு நாடுகளிலும் குளிர்காலம் கிடையாது. பெருநாள் எந்த மாதத்தில் வந்தாலும் நண்பகல் வெப்பம் 32 பாகையைத் தொடும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். தலைத்துணி, உள்ளாடை, லைனிங், மேலாடை, பாவாடை என்று அடுக்கடுக்காக உடுத்தியவர் இருபது வீடு ஏறி இறங்கும் நாளில் பாலியஸ்டர் சாட்டின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், காற்று விடும். கசங்கும் என்பது அதன் குறை. விஸ்கோஸும் ரேயானும் மென்மையாக விழும். நனைந்தால் சற்றுச் சுருங்கும் என்பதால் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். கிரேப் வகைகள் கசங்காமல் தொங்கும். அவற்றில் மெல்லியதாகப் பார்த்து எடுக்கலாம். ஷிஃபானும் லேஸும் எடுத்தால் லைனிங் துணியாவது பருத்தியாக இருக்கட்டும். 45 அங்குல அகலத் துணியில் ஒரு முழுக் கூரோங்குக்கு வழக்கமாக நான்கு மீட்டர் வேண்டும். உயரமானவர்களும் பருமனானவர்களும் அரை மீட்டர் கூடுதலாக எடுப்பது நல்லது. கடையில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளங்கை தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பிடியில் கசக்கி விட்டுக் கோடு நிற்கிறதா என்றும் பாருங்கள். விலைச்சீட்டைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

பாத்திக்கும் சொங்கேட்டும் தனியாகச் சொல்லப்பட வேண்டியவை. கிளந்தானும் திரெங்கானுவும் இவ்விரண்டுக்கும் பேர்போன மாநிலங்கள். கையால் வரையும் பாத்திக்கில் உருகிய மெழுகைச் சாந்திங் என்னும் சிறு செம்புக் குழாய்க் கருவியால் துணிமேல் கோடாக இழுப்பார்கள். மெழுகுக் கோட்டுக்குள் அடங்கும்படி சாயத்தைத் தூரிகையால் நிரப்புவார்கள். பிறகு கொதிநீரில் மெழுகைக் கரைத்து எடுப்பார்கள். சாயம் இழைக்குள் ஊறிவிடுவதால் துணியைத் திருப்பினால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே நிறம் தெரியும். ஒரு பூவும் அடுத்த பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. கோடுகளின் தடிப்பு கை அழுத்தத்துக்கு ஏற்ப மாறும். இயந்திர அச்சில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும், ஒரே பூ குறிப்பிட்ட இடைவெளியில் இம்மி பிசகாமல் திரும்ப வரும். சொங்கேட்டில் பாவுக்குக் குறுக்கே பொன்னிற, வெள்ளிநிற இழைகளை ஊடாகச் சேர்த்துத் தறியில் நெய்கிறார்கள். விரலால் தடவினால் பூ மேலெழுந்து நிற்பது தெரியும். சொங்கேட் போல அச்சிட்ட துணியில் விரலுக்கு எதுவும் தட்டாது. மலேசியாவின் சொங்கேட்டை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து முன்வைத்த கெபாயா 2024இல் அதே பட்டியலில் இடம்பெற்றது.

அச்சுத் துணியை வாங்குவதில் தவறே இல்லை. அச்சு என்று தெரிந்து, அச்சுக்கு உரிய விலை கொடுத்து வாங்க வேண்டும். அசல் கைநெசவை வாங்கினால் அதைப் பேணவும் தெரிந்திருக்க வேண்டும். சொங்கேட்டை மடித்து அடுக்கினால் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடியும். காகிதக் குழலில் சுற்றி வையுங்கள். அத்தரையும் வாசனைத் திரவத்தையும் அதன்மேல் நேராகத் தெளிக்காதீர்கள், ஜரிகை கறுக்கும். இஸ்திரி போட வேண்டுமானால் பின்பக்கத்தில் ஒரு துணி விரித்து மிதமான சூட்டில் போடலாம். முழு உடையும் சொங்கேட்டாக இருக்க வேண்டியதில்லை. பருத்திக் கூரோங்குக்குச் சொங்கேட் பாவாடை மட்டும் போதும். அது பல கூரோங்குகளோடு மாறி மாறி வரும். துணி வாங்கும் இந்தத் தெருக்களில் தமிழ் முஸ்லிம்களுக்கும் நீண்ட பங்கு இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்தும் சோழமண்டலக் கடற்கரையின் மற்றத் துறைமுகங்களிலிருந்தும் கட்டம்போட்ட கைலித் துணி பல நூற்றாண்டுகள் மலாய் உலகத்துக்குக் கப்பலேறியது. துணியைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் அந்த வணிகத்தோடு வளர்ந்தது. பெருநாள் அவசரத்திலும் அதை விட்டுவிட வேண்டாம்.

நிறம்: மாற்றக்கூடிய இடத்தில் வையுங்கள்

குடும்பம் முழுக்க ஒரே நிறத்தில் உடுத்தும் செடொண்டோன் வழக்கம் இப்போது வேரூன்றிவிட்டது. அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் பாஜு மலாயு, அம்மாவுக்கும் பெண்ணுக்கும் கூரோங், எல்லாம் ஒரே பச்சை அல்லது ஒரே ஊதா. பிரிந்திருந்த உறவுகள் ஒரு நாளில் ஒன்றாக நிற்கும்போது அந்த ஒற்றுமை கண்ணுக்கும் தெரிவது நல்லதுதான். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நிறத்தை மட்டும் பொதுவாக்கிவிட்டுத் துணியையும் கட்டிங்கையும் அதற்குப் பலி கொடுக்கும்போது. பாட்டிக்குத் தடித்த சாட்டினும், பாலூட்டும் மருமகளுக்குப் பின்ஜிப் கூரோங்கும் வந்து சேருவது இப்படித்தான். ஒரே நிறக் குடும்பம் என்று முடிவு செய்தால் நிறத்தை மட்டும் சொல்லுங்கள்; துணியையும் கட்டிங்கையும் அவரவர் வயதுக்கும் உடலுக்கும் ஏற்ப அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். அதே நிறத்தின் வெளிர், நடு, அடர் சாயல்கள் கலந்து வந்தால் படத்தில் குடும்பம் இன்னும் நிறைவாகத் தெரியும்.

அந்த வருடத்து நிறத்தின்மேல் ஆசை இருந்தால் அதைத் தலைத்துணிக்குக் கொடுங்கள். 45 அங்குலச் சதுர பாவால் துடோங்கோ நீள ஷாலோ கூரோங்கைவிடப் பல மடங்கு மலிவு. அடுத்த வருடம் மங்கிய ரோஜா போய் இலைப்பச்சை வந்தால் தலைத்துணி ஒன்றை மாற்றினால் போதும். கெரொங்சாங், கைப்பை, செருப்பு எல்லாம் இதே வேலையைச் செய்யும். மேலாடைக்கு உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற, உங்களுக்கு எப்போதும் பிடித்த நிறத்தை எடுங்கள். கடையின் வெண்ணிற விளக்கொளியில் நிறம் ஏமாற்றும். துணியைக் கன்னத்தருகே பிடித்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கண்ணாடி பாருங்கள். இணையத்தில் வாங்கினால் அதே துணியை வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். விற்பவரின் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எழக்கூடிய மறுப்புகள்

மரபு என்று ஒன்று நிலையாக இருந்ததே இல்லை, அதுவும் மாறிக்கொண்டே வந்தது, பிறகு ஏன் பழைய கட்டிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். மாறியது உண்மை, கெபாயா இறுகியதும் கூரோங் தளர்ந்ததும் மேலே சொன்னவைதான். ஆனால் அந்த மாற்றங்களில் எது தங்கியது என்று பார்க்க வேண்டும். உடுத்துகிறவரின் வேலைக்கும் உடலுக்கும் நம்பிக்கைக்கும் உதவியவை தங்கின. படத்துக்காக மட்டும் வந்தவை போயின. புதுமை வேண்டாம் என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. கூரோங்கில் பக்கப் பை வைப்பது, கைமுனையில் பொத்தான் வைத்து உளூ செய்யக் கையை மடிக்கும்படி செய்வது, பாலூட்ட மறைவான திறப்பு வைப்பது, பாவாடை இடுப்பில் எலாஸ்டிக் வைப்பது எல்லாம் புதுமைகளே. உடுத்துகிறவருக்குப் பயன்படுகிற எந்தப் புதுமையையும் தயங்காமல் ஏற்கலாம்.

பழைய கூரோங் சாக்குப்பை போலத் தொங்குகிறது, இளம்பெண்களுக்கு அழகில்லை என்பது அடுத்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் பழி கட்டிங்குக்கு உரியதில்லை. ரெடிமேடில் ஒரே அளவைப் பலருக்கும் விற்பதால் தோள் கீழே இறங்கி, கை விரல்களை மூடி, நீளம் கணுக்காலை நெருங்கி நிற்கிறது. அதனால்தான் உடை உடம்பை விழுங்குகிறது. நல்ல தையல்காரர் இடுப்பைப் பிடிக்கமாட்டார். தோள் அகலம், கழுத்துச் சுற்று, கை நீளம், மேலாடை நீளம் ஆகிய நான்கை மட்டும் துல்லியமாக எடுப்பார். கை மணிக்கட்டில் நின்று, மேலாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்தால் தளர்வான உடையும் எடுப்பாகத் தெரியும். குட்டையானவர்கள் மேலாடையை முழங்காலுக்கு மேலேயே நிறுத்தினால் உயரம் கூடித் தெரியும். பெரிய பூக்கள் கீழேயும் சிறிய பூக்கள் மேலேயும் வரும்படி வெட்டச் சொன்னால் பருமனும் அடங்கும். அளவு சரியாக இருந்தால் தளர்வே அழகாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு பணம். தைக்கக் கொடுக்க வசதி எல்லாருக்கும் இல்லை. இணையத்திலும் ரமலான் சந்தையிலும் மலிவு ரெடிமேட் கிடைக்கிறது, அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பது நியாயம். குறை சொல்லவில்லை, கணக்குப் பார்க்கத்தான் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, 100 ரிங்கிட்டில் ஒரு பாசிமணிக் கூரோங் வாங்கி இரண்டு முறை உடுத்தி மூலையில் போட்டால் ஒரு முறைக்கு 50 ரிங்கிட். துணிக்கும் தையலுக்குமாக 250 கொடுத்துப் பத்து முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 25. கையில் அவ்வளவு இல்லை என்றால் ரெடிமேடிலேயே பாசியும் பெப்லமும் இல்லாத எளிய பருத்திக் கூரோங்கை எடுங்கள். தோளும் கைநீளமும் மட்டும் தெருமுனைத் தையல்கடையில் திருத்திக்கொள்ளுங்கள். அதற்குச் சிறு தொகைதான் ஆகும். வளரும் பெண்பிள்ளைகளுக்குக் கையிலும் பாவாடையிலும் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விட்டுத் தைத்தால் இன்னொரு பெருநாளுக்கும் இறக்கி உடுத்தலாம்.

பெருநாளுக்குப் புத்தாடை வேண்டாமா என்பதும், ஜூபாவும் அபாயாவும் கூரோங்கைவிட மார்க்கத்துக்கு நெருக்கம் இல்லையா என்பதும் குடும்பங்களில் எழும் கேள்விகள். பெருநாளில் தன்னிடம் இருப்பதில் நல்லதைச் சுத்தமாக உடுத்துவதுதான் மார்க்கம் விரும்புவது. அது புதிதாகவே இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைகளுக்குப் புத்தாடை தரும் மகிழ்ச்சி பெரியது. அதைக் குறைக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் போன வருடக் கூரோங்கைத் துவைத்து இஸ்திரி போட்டுப் புதுத் தலைத்துணியோடு உடுத்தினால் அது குறைவாகிவிடாது. ஜூபாவைப் பொறுத்தவரை, மூட வேண்டிய இடத்தை மூட வேண்டும், மெல்லியதாகத் தெரியக் கூடாது, இறுகக் கூடாது என்பவையே அடிப்படை. தளர்வாக வெட்டிய கூரோங்கில் இவை மூன்றும் நிறைவேறுகின்றன. மார்க்கத்தின் பெயரால் ஓர் ஊரின் உடையை இன்னோர் ஊரின் உடை தள்ளிவிட வேண்டிய அவசியம் இல்லை. ஜூபா பிடித்தவர்கள் ஜூபா உடுத்தலாம். அதற்கும் இதே வரிசைதான், கட்டிங், துணி, நிறம்.

எப்போது, எப்படி

இந்த வரிசையைப் பின்பற்ற நேரம் வேண்டும். அவசரத்தில் வாங்குகிறவருக்கு நிறத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்க இடம் இருக்காது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் பதினோரு நாள் அளவுக்கு முன்னால் வருகிறது. மலேசியாவில் 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 10, 2025இல் மார்ச் 31. போன வருடம் இதே தேதிக்குக் கொடுத்தேன் என்ற கணக்கு அதனால் தவறிவிடும். ஹிஜ்ரி மாதங்களை வைத்தே திட்டமிடுங்கள். ரஜப் மாதத்தில் பெட்டியைத் திறந்து, இருப்பதில் எது உடுத்தத் தகும் என்று பாருங்கள். அந்த மாதத்திலேயே கட்டிங்கை முடிவு செய்து துணியை வாங்கிவிடுங்கள். ஷஅபான் பிறக்கும்போது துணி தையல்காரர் கையில் இருக்க வேண்டும். நோன்பு தொடங்குவதற்குள் பல தையல்கடைகள் புது வேலை எடுப்பதை நிறுத்திவிடும். நன்றாக உட்காரும் பழைய கூரோங் ஒன்று இருந்தால் அளவுக்கு அதையே கொடுப்பது, நாடா பிடித்து எடுப்பதைவிட நம்பகமானது. பெசாக், கெக்கெக் வைத்துத் தைக்க வேண்டும் என்பதையும், கழுத்து எந்த வகை என்பதையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

தைத்து வந்ததும் கண்ணாடி முன் நேராக நின்று மட்டும் பார்க்காதீர்கள். இரு கையையும் தலைக்குமேல் உயர்த்துங்கள்; மேலாடை இழுபடக் கூடாது. தரையில் உட்கார்ந்து எழுங்கள், ருகூவில் குனிவது போலக் குனியுங்கள்; கழுத்து முன்னால் திறந்துகொண்டால் ஒரு பொத்தான் கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். இரண்டு படி ஏறுங்கள். பாவாடை தடுத்தால் கொசுவத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இவற்றில் தேறிய உடைக்கு ஏற்ற தலைத்துணியை ரமலான் கடைசிப் பத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். அந்த வருடத்து நிறம் அங்கே தாராளமாக வந்து சேரட்டும். நோன்பின் அந்த இரவுகள் வணக்கத்துக்கும் தர்மத்துக்கும் உரியவை. கட்டிங்கையும் துணியையும் முன்கூட்டியே முடித்துவிட்டவருக்கு அந்த நேரம் கடைத்தெருவில் கழியாது. அடுத்த பெருநாளில் அதே உடையை மீண்டும் எடுக்கும்போது மிச்சப்படும் பணம் ஃபித்ராவுக்கும் பிள்ளைகளின் பெருநாள் காசுக்கும் போகும். உடைக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.